அடையபலம் கல்வெட்டும் பிரம்ம சூத்திரத்தின் சைவ உரையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்த ஆரணி, பட்டு நெசவால் அறியப்பட்ட நகரம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தறி நெசவே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அச்சிற்றூர்களின் நடுவே அடையபலம் என்ற ஊர் இருக்கிறது. அடையபுலம் என்றும் எழுதுவர். சமஸ்கிருத மெய்யியல் வரலாற்றில் இவ்வூரின் பெயர் ஆரணியின் பெயரைவிட அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பேரறிஞரான அப்பய்ய தீட்சிதர் பிறந்த ஊர் இது.

ஊரில் அவர் கட்டிய காலகண்டேசுவரர் கோயில் உள்ளது. அக்கோயிலில் சக ஆண்டு 1504, சித்திரபானு ஆண்டு, அதாவது கி.பி. 1582 என்று காலம் குறித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தமிழகக் கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவருக்கு இது சற்று விசித்திரமாகத் தோன்றும். வழக்கமான கல்வெட்டுகள் நிலக்கொடையைச் சொல்லும். நந்தா விளக்கையும் அதற்கு நெய் தரும் சாவா மூவாப் பேராடுகளையும் கணக்கிடும். அடையபலம் கல்வெட்டின் நடுப்பொருளோ ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் எழுதப்பட்டதும், எழுதியவருக்குப் பொன்னால் நீராட்டு நடந்ததும், அதை எத்தனை பேருக்குப் பாடம் சொன்னார்கள் என்பதும் அதில் பதிவாகியுள்ளன.

கல்வெட்டு தரும் செய்தி சுருக்கமாக இது. பாரத்துவாச கோத்திரத்து ரங்கராஜாத்வரியின் மகனான அப்பய்ய தீட்சிதர் இக்கோயிலைக் கட்டினார். ஸ்ரீகண்டரின் பாஷியம் மறுபடியும் வழக்குக்கு வர வேண்டும் என்று சிவார்க்கமணி தீபிகை என்ற உரையை இயற்றினார். காலகண்டேசுவரர் கோயிலில் 500 வித்துவான்களுக்கு அது கற்பிக்கப்பட்டது. வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கர் அவருக்குக் கனகாபிஷேகம் செய்தார். அவர் அளித்த பொன்னையும் அக்கிரகாரங்களையும் கொண்டு வேலூரிலும் 500 வித்துவான்களுக்கு அதே நூல் கற்பிக்கப்பட்டது. நியாயரட்சாமணி, கல்பதரு பரிமளம் முதலாக நூறு நூல்களை இயற்றியவர் அவர்.

ஆயிரம் மாணவர்கள் என்பது அக்காலத்துக்குப் பெரிய எண். அதில் மரபுக்கேற்ற மிகை கலந்திருக்கலாம். ஆனால் எண்ணைக் குறைத்து மதிப்பிட்டாலும் கல்வெட்டின் நோக்கம் மாறுவதில்லை. யாரும் படிக்காமல் போய்க்கொண்டிருந்த ஓர் உரைநூலைப் பாடமாக்கி உயிர்ப்பித்தோம் என்பதையே தம் வாழ்வின் பெரிய செயலாக அவர் கல்லில் பொறிக்கச் செய்திருக்கிறார்.

பிரம்ம சூத்திரம்: சொல்லாமல் விட்டதன் வரலாறு

ஸ்ரீகண்டர் உரை எழுதிய மூலநூல் பிரம்ம சூத்திரம். வேதாந்த சூத்திரம் என்ற பெயரும் உண்டு. பாதராயணர் இயற்றியதாக மரபு கூறும். உபநிடதங்கள் பல இடங்களில், பல குரல்களில், சில சமயம் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலச் சொல்பவற்றை ஒழுங்குபடுத்தி, அவை அனைத்தும் பிரம்மம் என்ற ஒரே பொருளையே நோக்குகின்றன என்று நிறுவுவது இதன் வேலை. நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பாதங்கள். முதல் அத்தியாயம் உபநிடத வாக்கியங்களைப் பிரம்மத்தில் பொருத்திக் காட்டுகிறது. இரண்டாவது, பிற கொள்கையாளரின் மறுப்புகளை எதிர்கொள்கிறது. மூன்றாவது சாதனைகளையும் நான்காவது அவற்றின் பயனான வீடுபேற்றையும் பேசுகின்றன. சங்கரரின் கணக்குப்படி 555 சூத்திரங்கள். உரையாசிரியருக்கு உரையாசிரியர் இந்த எண் மாறும், ஏனெனில் ஒரு சூத்திரம் எங்கே முடிகிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது.

சூத்திரம் என்றால் சமஸ்கிருதத்தில் இழை. தமிழில் நூல் என்ற சொல்லும் இதே இரட்டைப் பொருளைச் சுமக்கிறது. நெசவூருக்குப் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஒற்றை இழையை வைத்துக்கொண்டு எதையும் உடுத்த முடியாது. பிரம்ம சூத்திரமும் அப்படித்தான். பல சூத்திரங்கள் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடுகின்றன. எந்த உபநிடத வாக்கியத்தைக் குறிக்கிறது, எதிராளி யார், முடிவு என்ன என்பவற்றைச் சூத்திரம் சொல்லாது. பாஷியம் என்ற உரை இல்லாமல் அதைப் படிக்க இயலாது.

இந்தச் சுருக்கமே பல மதங்களுக்கு இடம் கொடுத்தது. உலகின் தோற்றமும் நிலையும் ஒடுக்கமும் பிரம்மத்தால் என்று நூலின் தொடக்கத்திலேயே பாதராயணர் வரையறுத்துவிடுகிறார். ஆனால் அந்தப் பிரம்மத்துக்கு அவர் பெயர் சூட்டவில்லை. சங்கரர் குணங்கடந்த ஒருமையைக் கண்டார். இராமானுசர் நாராயணனைக் கண்டார். மத்துவரும் திருமாலையே கண்டார், எனினும் உயிர்களும் உலகமும் அவரினின்று என்றும் வேறானவை என்றார். நிம்பார்க்கர், வல்லபர் ஆகியோரின் உரைகளும் வைணவ உரைகளே. வீரசைவ மரபில் ஸ்ரீபதி பண்டிதரின் ஸ்ரீகர பாஷியம் உள்ளது. ஒரு சமயம் தன்னை வேதாந்த மதம் என்று சொல்லிக்கொள்ள விரும்பினால் அதற்குப் பிரம்ம சூத்திர உரை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை இடைக்காலத்தில் ஏற்பட்டுவிட்டது. அறிஞர் அவையில் அதுவே நுழைவுச் சீட்டு.

ஸ்ரீகண்டரின் உரை

ஸ்ரீகண்டர் எழுதியது சைவ உரை. தமிழ்ச் சைவ நூல்கள் இவரை நீலகண்ட சிவாசாரியர் என்றும், உரையை நீலகண்ட பாடியம் என்றும் குறிப்பிடும். இவர் காலம் நெடுநாள் விவாதப்பொருள். இவருடைய வாதமுறை பல இடங்களில் இராமானுசரின் ஸ்ரீபாஷியத்தோடு மிக நெருங்கிச் செல்வதால் யார் யாருக்கு முந்தியவர் என்று இரு தரப்பும் வழக்காடி வந்திருக்கின்றன.

ஸ்ரீகண்டரின்படி பிரம்மம் என்பது சிவனே. பவன், சர்வன், ஈசானன், பசுபதி, உருத்திரன், உக்கிரன், பீமன், மகாதேவன் என்ற எட்டுப் பெயர்களுக்கும் உரியவன். அவன் சித்சத்தியோடு பிரியாமல் கூடியவன். உயிர்களும் சடப்பொருளும் அவனுக்கு உடல் போன்றவை. உலகுக்கு நிமித்த காரணமும் அவனே, முதற்காரணமும் அவனே. அதாவது குடத்துக்குக் குயவனும் அவன், மண்ணும் அவன். மண்ணாகத் திரிபவள் அவனுடைய சத்தி. ஆகையால் சிவன் திரிபு அடைவதில்லை.

இந்த இடத்தில்தான் சைவ உரையாசிரியர் ஒருவருக்குப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதம் பிற மதங்களை ஒவ்வொன்றாக மறுக்கும் பகுதி. சாங்கியம், வைசேடிகம், பௌத்தம், சமணம் ஆகியவற்றுக்குப் பின் பதி என்ற சொல்லோடு தொடங்கும் சில சூத்திரங்கள் வருகின்றன. பதிக் கொள்கை பொருந்தாது என்பது அவற்றின் கருத்து. சங்கரர் உட்படப் பலரும் இது மாகேசுவரர், பாசுபதர் முதலிய சைவப் பிரிவினரை மறுப்பது என்றே உரை கண்டனர். அப்படியானால் மூலநூலே சைவத்தை விலக்குகிறது. சைவர் ஒருவர் அந்நூலுக்கு உரை எழுதுவது எப்படி?

ஸ்ரீகண்டர் இதைத் தட்டிக் கழிக்கவில்லை. இச்சூத்திரங்கள் மறுப்பது சிவனை அன்று, அவனை நிமித்த காரணம் மட்டுமே என்று கூறும் ஒரு சாராரை மட்டுமே மறுக்கின்றன என்று அவர் வரம்பு கட்டுகிறார். குயவன் மட்டும் உண்டு, மண் வேறு என்போரைத்தான் சூத்திரகாரர் கண்டிக்கிறாராம். அதோடு நில்லாமல், வேதத்துக்கும் சிவாகமத்துக்கும் வேற்றுமை காண்பதற்கில்லை, இரண்டையும் அருளியவன் ஒருவனே என்ற முடிவையும் அங்கேயே வைக்கிறார். ஆகமங்களை வேதத்துக்குப் புறம்பானவை என்று தள்ளிய அறிஞர்களுக்கு, வேதாந்தத்தின் தலைமை நூலுக்குள்ளேயே நின்று அளித்த விடை இது. சைவத்துக்கு இந்த உரை ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பது இந்த ஒரு பகுதியைப் படித்தாலே விளங்கும்.

இவ்வளவு வலுவான உரை பதினாறாம் நூற்றாண்டில் பரவலாகப் படிக்கப்படவில்லை. ஸ்ரீபாஷியத்துக்குப் பின்னால் ஒரு சமூகமும் மடங்களும் விரிவுரைகளும் வாழையடி வாழையாக இருந்தன. ஸ்ரீகண்ட பாஷியத்துக்கு அப்படி ஒரு பின்பலம் இல்லை. தமிழ்நாட்டுச் சைவ மடங்கள் மெய்கண்ட சாத்திரங்களைத் தமிழிலேயே பயின்றுகொண்டிருந்தன. சமஸ்கிருத வேதாந்தம் கற்ற சுமார்த்தர்களோ சங்கரரைப் படித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இந்த நூல் அனாதையாக நின்றது.

அடையபலத்துக் குடும்பமும் வேலூர் அரசும்

அப்பய்ய தீட்சிதர் வந்த குடும்பம் சைவச் சார்பு மட்டும் கொண்டதன்று. பாட்டனார் ஆச்சான் தீட்சிதருக்கு வட்சஸ்தலாசாரியர் என்று ஒரு விருதுப்பெயர் உண்டு. கிருஷ்ணதேவராயர் தம் அரசியோடு காஞ்சிபுரம் வரதராசரைத் தரிசிக்க வந்தபோது, அரசியைக் கண்ட பெருமாள் திருமகளே இறங்கி வந்துவிட்டாளோ என்று தம் மார்பைப் பார்த்துக்கொண்டார் என அவர் ஒரு சுலோகம் பாடினாராம். மார்பைப் பாடியதால் வந்த பெயர் அது. தந்தை ரங்கராஜர் அத்வைத அறிஞர். மகன் முதலில் பாடம் கேட்டது தந்தையிடம்தான். பிற்காலத்தில் அத்வைத ஆசிரியர்களின் மாறுபட்ட கருத்துகளைத் தொகுத்துச் சித்தாந்தலேச சங்கிரகம் எழுதியபோது, அவை தம் தந்தை விளக்கிச் சொன்னவை என்று அப்பய்யர் நூல் முகப்பிலேயே குறித்தார்.

அவர் வாழ்ந்த காலத்தில் நாட்டின் நிலை கொந்தளிப்பானது. 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அரசு தெற்கே பெனுகொண்டாவுக்கும் பின்னர் சந்திரகிரிக்கும் நகர்ந்தது. அரவீட்டு மரபு அரசர்களின் அவையில் தாத்தாசாரியர் குடும்பத்து வைணவ குருமாரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. வேலூர்க் கோட்டையில் இருந்த சின்ன பொம்ம நாயக்கர் விசயநகரத்துக்கு உட்பட்டவர், ஆனால் உறுதியான சைவர். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலுக்கு அவர் வேண்டுகோளின்படி 1566-ஐ ஒட்டிச் சதாசிவராயர் பெயரால் கொடைகள் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பேரரசின் அவை வைணவத்தின் பக்கம் சாய்ந்திருக்க, அதன் கீழிருந்த ஒரு நாயக்கர் சைவ வேதாந்தத்தைத் தூக்கி நிறுத்த முனைந்தார். கோயில் கட்டுவதை எந்தச் சிற்றரசரும் செய்வார். அவர் அதோடு ஒரு பாஷியத்துக்கும் செலவழித்தார்.

சிவார்க்கமணி தீபிகை பிறந்த சூழல் அது. அர்த்தநாரீசுவரரின் ஆணையையும் சின்ன பொம்மரின் ஏவலையும் நூலின் தொடக்கத்தில் அப்பய்யர் சொல்கிறார். உரை முடிந்தபின் நடந்த கனகாபிஷேகத்தைக் கல்வெட்டைத் தவிர சமரபுங்கவ தீட்சிதரின் யாத்திராபிரபந்தமும் பாடியிருக்கிறது. புலவரை அமர்த்திப் பொற்காசுகளைத் தலைமேல் சொரியும் இச்சடங்கு நாயக்கர் காலத்தில் அறிஞருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மரியாதை. அந்தப் பொன்னில்தான் பாடசாலையும் கோயிலும் நடந்தன என்பதையே கல்வெட்டு வலியுறுத்துகிறது.

வேலூருக்கு வெளியேயும் அவர் பெயர் பரவியிருந்ததற்குச் சான்று உண்டு. தஞ்சைச் செவ்வப்ப நாயக்கரின் 1580-ஆம் ஆண்டுச் செப்பேடு ஒன்று, அவர் அவையில் மத்துவ மடத்து விசயீந்திர தீர்த்தரும், வைணவரான தாத்தாசாரியரும், அப்பய்ய தீட்சிதரும் தத்தம் மதத்தை நிலைநாட்டி நின்றதை வேள்வியின் முத்தீக்கு ஒப்பிடுகிறது. அங்கே அப்பய்யருக்குத் தரப்பட்ட அடைமொழி சைவ அத்வைதத்தின் தனியரசர் என்ற பொருளில் அமைந்துள்ளது. சங்கர அத்வைதி என்று அவரை அது அழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உரைக்குள் ஒரு திருப்பம்

தீபிகை வெறும் சொற்பொருள் உரையன்று. ஸ்ரீகண்டரின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், சிவன் குணங்களோடு கூடியவன், உலகம் மெய்யானது, உயிர்கள் அவனுக்கு உடலாக நிற்பவை என்றுதான் வரும். இது விசிட்டாத்வைதத்தின் சைவ வடிவம். அப்பய்யரோ குடும்ப வழியில் அத்வைதி. சங்கர பாஷியத்துக்கு வாசசுபதி மிசிரர் எழுதிய உரை பாமதி. பாமதிக்கு அமலானந்தர் எழுதிய உரை கல்பதரு. கல்பதருவுக்கு அப்பய்யர் எழுதிய உரை பரிமளம். சூத்திரத்தின்மேல் நான்கு அடுக்கு உரை ஏற்றி அத்வைதத்தை நிறுவிய அதே கை, ஸ்ரீகண்டருக்கும் உரை எழுதியது.

இரண்டையும் அவர் எப்படி இணைத்தார்? ஸ்ரீகண்டர் வாயால் சொன்னது குணமுடைய சிவனைப் பற்றி, ஆனால் அவர் கருத்தில் இருந்தது குணங்கடந்த ஒருமை என்று தீபிகை வாதிடுகிறது. சித்சத்தி சிவனின் வேறல்லள். அவளே உலகாக விரிபவள். ஆகவே உள்ள பொருள் ஒன்றே. குணமுடைய சிவனை வழிபட்டு வழிபட்டு மனம் தூயவரே, அதுவும் அவன் அருளாலேயே, அத்வைத ஞானத்தில் நாட்டம் கொள்ள முடியும். அதனால் மாணவரின் பக்குவம் கருதி ஸ்ரீகண்டர் முதல் படியை விரித்துப் பேசி, மேல் படியைக் குறிப்பாக விட்டார் என்பது அப்பய்யரின் முடிவு. இந்தக் கேள்விக்கென்றே சிவாத்வைத நிர்ணயம் என்ற தனிநூலும் எழுதினார். ஸ்ரீகண்டரின் கொள்கை விசிட்டாத்வைதமா, அத்வைதமா என்பதை முடிவுசெய்வதே அச்சிறுநூலின் வேலை.

ஸ்ரீகண்டரின் சொற்கள் இவ்வளவு தூரம் வளையுமா என்று கேட்பது நியாயமே. பாஷியத்தைத் தனியாகப் படிப்பவர் இந்த முடிவுக்கு எளிதில் வந்துவிட மாட்டார். ஆனால் அப்பய்யர் அகப்பட்ட இடம் இடுக்கானது. வைணவ வாதத்துக்கு எதிராகச் சிவபரத்துவத்தை நிறுவ அவருக்கு ஸ்ரீகண்டர் தேவை. வீட்டில் கற்ற அத்வைதத்தைக் கைவிடவும் அவர் அணியமாக இல்லை. ஒரு பழைய நூலைப் பிழைக்க வைக்கும்போதே அதன் பொருளை நகர்த்தியும் விட்டார். தீபிகை இல்லாவிட்டால் ஸ்ரீகண்டரை இன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்பதும் ஐயமே.

பிற மதங்களைத் திரித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்ததாகவும் கொள்ளக்கூடாது. சதுர்மதசார சங்கிரகம் என்ற தொகுப்பில் பிரம்ம சூத்திரத்தை நான்கு மதங்களின் வழியில் தனித்தனியே சுருக்கித் தந்திருக்கிறார். மத்துவருக்கு நியாயமுக்தாவளி, இராமானுசருக்கு நயமயூகமாலிகை, ஸ்ரீகண்டருக்கு நயமணிமாலை, சங்கரருக்கு நயமஞ்சரி. எதிர்த்தரப்பின் நூலை அவர்கள் வாயிலாகவே சொல்லக் கற்றவரின் வேலை அது. வேதாந்த தேசிகரின் யாதவாப்யுதயத்துக்கு உரை எழுதியவரும், காஞ்சி வரதராசர்மேல் துதி பாடியவரும் அவரே. சிவதத்துவ விவேகம், சிகரிணீமாலை போன்றவற்றில் சிவபரத்துவத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவரும் அவரே. இவற்றுள் எதை வைத்து அவரை மதிப்பிடுவது என்பதில் அன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

கதைகளும் காலமும்

இப்படிப்பட்டவரைச் சுற்றிக் கதைகள் வளராமல் இருக்குமா? தாத்தாசாரியர் அவரைக் கொல்லச் சூழ்ச்சி செய்ததாகவும் அவர் தப்பியதாகவும் சைவர் சொல்லும் கதைகள் பல. அவற்றை வரலாறாகக் கொள்ள ஆதாரம் இல்லை, சமயப் பகையின் சூட்டை அளக்க உதவும், அவ்வளவே. இன்னொரு கதை வேறு வகை. தம் பக்தி உண்மையானதா என்று ஐயுற்ற அவர், ஊமத்தங்காயை உண்டு, மயக்கத்தில் தாம் உளறுவதை எழுதிவைக்கும்படி மாணவர்களைப் பணித்தாராம். தெளிந்து பார்த்தபோது கிடைத்தது சிவனிடம் தம்மை ஒப்படைக்கும் 50 சுலோகங்கள். ஆத்மார்ப்பணத் துதி என்றும், பித்தன் பாடிய ஐம்பது என்ற பொருள்பட உன்மத்த பஞ்சாசத் என்றும் அதற்குப் பெயர். ஆயிரம் வாதங்களை அடுக்கிய ஒருவரைப் பற்றி மக்கள் விரும்பிச் சொன்ன கதை இதுதான் என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

அவர் காலத்தைப் பலரும் 1520 முதல் 1593 வரை எனக் கொள்கின்றனர். 1554-ல் பிறந்தார் என்ற பழைய கணக்கும் உண்டு. அப்படியானால் 1582 கல்வெட்டு வெட்டப்பட்டபோது அவருக்கு 28 வயதுதான். நூறு நூல்களும், கனகாபிஷேகமும், ஆயிரம் மாணவர்களும் அதற்குள் நிகழ்ந்தன என்று நம்புவது கடினம். காலக் கணக்கில் அடையபலம் கல்வெட்டு இவ்வாறு ஒரு தரப்புக்குக் கனமான சாட்சியாகிறது. அவர் தம்பியின் பேரனும் மதுரையில் புகழ்பெற்ற கவிஞருமான நீலகண்ட தீட்சிதர், அப்பய்யர் 72 ஆண்டுகள் வாழ்ந்து நூறு நூல்கள் செய்தார் என்று எழுதியிருப்பதும் இதனோடு பொருந்துகிறது. இறுதிக் காலம் சிதம்பரத்தில் கழிந்தது என்பது மரபு.

தமிழில் தொடர்ந்த வழி

ஆயிரம் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய பாடம் நிலைத்ததா? ஸ்ரீகண்டரின் பெயரால் ஒரு தனி மடமோ, தொடர்ச்சியான ஆசிரியர் பரம்பரையோ உருவாகவில்லை. அந்த வித்துவான்களில் எவர் பெயரும் கல்வெட்டில் இல்லை. வேலூர் நாயக்கர் ஆட்சியும் நீடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் பேரரசரின் கைக்குப் போனது. பின்னர் ஆரணிப் பகுதி மராத்தியச் சாகீர்தார்களின் ஆளுகைக்கு வந்தது. 1751-ல் கிளைவும் 1782-ல் ஐதர் அலியும் ஆரணியைப் போர்க்களமாக்கினார்கள். உரைநூலுக்குப் பொன் சொரியும் அவைகள் அதற்குள் மறைந்திருந்தன. சமஸ்கிருதப் பாடசாலைகளில் அப்பய்யர் நிலைத்தது பெரும்பாலும் பரிமளத்தாலும், சித்தாந்தலேச சங்கிரகத்தாலும், அணியிலக்கணம் தொடங்குவோர் முதலில் எடுக்கும் குவலயானந்தத்தாலும்தான். கல்வெட்டில் முன்னிறுத்தப்பட்ட தீபிகையை எடுப்பவர் குறைந்தனர்.

ஆனால் நூல் வேறொரு வாசலால் வெளியே போனது. அந்த வாசல் தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் அப்பய்யரின் சிவதத்துவ விவேகத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய மாபாடியம், நீலகண்ட பாடியத்தை நன்கறிந்த ஒருவரின் உரை. சிவாத்துவித சைவத்தைச் சித்தாந்தத்துக்கு அணுக்கமானதாக மதித்தபோதும் அவர் முழுவதும் உடன்படவில்லை. முரண் எங்கே என்பது எளிது. சித்தாந்தத்தில் உலகுக்கு முதற்காரணம் மாயை. அது சிவனிடமிருந்தும் சத்தியிடமிருந்தும் வேறான, என்றும் உள்ள பொருள். ஸ்ரீகண்டருக்கு மண்ணும் சிவசத்தியே. குயவனுக்கும் மண்ணுக்கும் இடையே சித்தாந்தி இட்ட கோட்டை ஸ்ரீகண்டர் இடவில்லை. பதி அதிகரணத்தில் ஸ்ரீகண்டர் விலக்கிய தரப்பு, நிமித்த காரணம் மட்டுமே இறைவன் என்ற தரப்பு, தமிழ்ச் சித்தாந்தத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மாபாடியம் படிப்பவர் உணராமல் போக முடியாது.

சிவஞான முனிவர் மறைந்தது 1785. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்து ஏழாலையில் பிறந்த காசிவாசி செந்திநாதையர், நீலகண்ட பாடியத்தையே தமிழாக்கினார். சமஸ்கிருதம் அறியாத சைவரும் பிரம்ம சூத்திரத்தின் சைவ உரையைப் படிக்க வழி திறந்தது அதனால்தான். பாஷியமும் தீபிகையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூலமொழியில் அச்சேறின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சு. சு. சூரியநாராயண சாஸ்திரி சிவாத்வைத நிர்ணயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1930-ல் ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். அண்மையில் ஜோனதன் டுகெட் அப்பய்யரின் சைவ நூல்களை மட்டும் எடுத்து ஆராய்ந்த நூலை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2021-ல் கொண்டுவந்தது. இவர்களில் எவரும் தீபிகை எப்போது, யார் பொருளில், யாருக்காக எழுதப்பட்டது என்று சொல்லவரும்போது ஆரணிக்குப் பக்கத்துக் காலகண்டேசுவரர் கோயில் கல்வெட்டைத் தவிர்த்துவிட்டுப் போக முடிவதில்லை.